ரத்தம் சொல்வதும் கண்ணும் காலும் சொல்வதும்



1968ஆம் ஆண்டு. தெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ராபர் என்ற மருத்துவர், வழக்கத்துக்கு மாறான ஹீமோகுளோபின் வகைகள் யார் ரத்தத்திலாவது இருக்கின்றனவா என்று தேடிக்கொண்டிருந்தார். ரத்த மாதிரியில் மின்சாரம் பாய்ச்சினால் ஒவ்வொரு வகை ஹீமோகுளோபினும் தனக்குரிய வேகத்தில் நகர்ந்து தனித்தனிப் பட்டையாக நிற்கும். சில மாதிரிகளில் மட்டும் எதிர்பாராத இடத்தில் ஒரு பட்டை தெரிந்தது. அந்த ரத்தத்துக்கு உரியவர்கள் யார் என்று விசாரித்தபோது, எல்லோருக்கும் பொதுவாக இருந்தது நீரிழிவு. அடுத்த ஆண்டு நியூயார்க்கில் ஹெலன் ரானியின் ஆய்வகத்தில் இதை உறுதிப்படுத்தினார். இன்று தெருமுனை லேப் வரைக்கும் வந்துவிட்ட 'மூணு மாச சுகர் டெஸ்ட்', அதாவது எச்பிஏ1சி, அந்தப் பட்டையில் தொடங்கியதுதான்.

குளுக்கோஸ் ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ள எந்த நொதியும் வேண்டியதில்லை. ரத்தத்தில் அது இருந்தால் போதும், புரதத்தின் நுனியைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் இருந்தால் அதிகம் பிடிக்கும். எண்ணெய்ச் சட்டியில் முறுக்கு பொன்னிறமாவதற்குப் பின்னாலும் இதே வேதிவினைதான் இருக்கிறது. 1912இல் அதை விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார். அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது, உடம்புச் சூட்டில் வாரக்கணக்கில் நடக்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும் என்பதால், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாத நிலவரம் தெரிந்துவிடும். அதிலும் ஏறக்குறைய பாதியைத் தீர்மானிப்பது கடைசி ஒரு மாதம். டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் பத்தியமாக இருந்து இதை ஏமாற்ற முடியாது. 2010இல் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 6.5 சதவீதத்தை நோயைக் கண்டறியும் எல்லையாக ஏற்றது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் ஏற்றது.

இந்த எண்ணின் மதிப்பைக் குறைப்பது இந்தப் பேச்சின் நோக்கமல்ல. ஆனால் இதற்கு இன்று, இதனால் தாங்க முடியாத பொறுப்பு கொடுக்கப்பட்டுவிட்டது. "ஏழுக்குள்ளதான் இருக்கு, அப்புறம் எதுக்குக் கண் டாக்டரு?" என்ற கேள்வி வீடுதோறும் கேட்கிறது. ரத்தம் சரியாக இருந்தால் கண்ணும் நரம்பும் சரியாகத்தான் இருக்கும் என்று நோயாளி நம்புகிறார், குடும்பம் நம்புகிறது, அவசரமாக அறிக்கையைப் புரட்டும் மருத்துவரும் சில நேரம் நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

முதலில் அது செல்லும் தூரம். பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த யுகேபிடிஎஸ் என்ற ஆய்வு, அப்போதுதான் இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரியவந்த 5,102 பேரைச் சேர்த்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் டர்னரும் ரூரி ஹோல்மனும் அதை வழிநடத்தினார்கள். 1998இல் முடிவு வந்தது. எச்பிஏ1சி சராசரி 7.9 ஆக இருந்த குழுவை விட 7.0 ஆக வைத்திருந்த குழுவில், நுண்ணிய ரத்தக் குழாய்கள் சார்ந்த சிக்கல்கள் 25 சதவீதம் குறைவு. ஆய்வு முடிந்து இரு குழுக்களின் எச்பிஏ1சியும் ஒன்றாகிவிட்ட பின்னும், பத்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது அந்த நன்மை நீடித்தது. ஆரம்ப ஆண்டுகளில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதன் பலன் உடம்பில் தங்கிவிடுகிறது. இதைவிட நல்ல செய்தி நீரிழிவு மருத்துவத்தில் அதிகமில்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நோய் தெரியவந்த நாளிலேயே, மூன்றில் ஒருவருக்கு மேல் விழித்திரையில் பாதிப்பின் அடையாளம் இருந்தது. அதாவது, 'எனக்கு சுகர் வந்து ஒரு மாசம்தான் ஆச்சு' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் கண் பல ஆண்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கலாம். இரண்டாம் வகை நீரிழிவில், நோய் தெரிந்த உடனேயே முதல் கண் பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது. இதே ஆய்வில், ரத்த அழுத்தத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குழுவில், விழித்திரைப் பாதிப்பு முற்றுவது 34 சதவீதம் குறைந்தது. கண்ணுக்கு பிபியும் சர்க்கரை அளவுக்கு முக்கியம் என்பது நம் வீடுகளில் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை.

நம்பிக்கை நிற்கும் இடம் இனி வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரை வைத்து நடந்த டிசிசிடி ஆய்வுதான், சர்க்கரைக் கட்டுப்பாடு கண்ணைக் காக்கும் என்பதை முதலில் ஐயமின்றி நிறுவியது. அதன் தரவுகளைப் பின்னாளில் அலசியபோது, எச்பிஏ1சியும் நோயின் கால அளவும் சேர்ந்து, விழித்திரைப் பாதிப்பில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய 11 சதவீதத்தைத்தான் விளக்கின. மீதி? மரபணு, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரகம், இன்னும் பிடிபடாத காரணங்கள். பாஸ்டனில் உள்ள ஜோஸ்லின் நீரிழிவு மையம் 50 ஆண்டுக்கு மேல் இன்சுலினோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் தருகிறது. அவர்களைப் பரிசோதித்தபோது, அத்தனை ஆண்டுக்குப் பின்னும் பலரின் விழித்திரையில் முற்றிய பாதிப்பு இல்லை. அவர்களுடைய எச்பிஏ1சி, பாதிக்கப்பட்டவர்களுடையதை விடப் பெரிதாக மாறுபட்டிருக்கவும் இல்லை.

கண்ணுக்குள் நடப்பதைப் பார்த்தால் காரணம் ஓரளவு விளங்கும். விழித்திரையின் நுண்குழாய்களைச் சுற்றி நின்று தாங்கும் செல்கள் முதலில் அழிகின்றன. தாங்கல் போன இடத்தில் குழாய்ச் சுவர் குமிழாகப் புடைக்கிறது. புடைத்த இடம் கசிகிறது, ரத்தம் சிவப்புப் புள்ளியாகவும் கொழுப்பு மஞ்சள் திட்டாகவும் படிகின்றன. பார்வையின் மையமான மேக்குலாவில் நீர் கோத்தால் எழுத்துகள் கலங்கும், நேர்கோடு வளைந்து தெரியும். பல குழாய்கள் அடைபட்டபின், ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கிறது. வலுவில்லாத அந்தக் குழாய்கள் ஒரு நாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும்போதுதான் பல பேர் முதன்முறையாகக் கண் மருத்துவரைத் தேடுகிறார்கள். அதுவரை வலி இல்லை. மேக்குலா தப்பியிருந்தால், கண் பரிசோதனை அட்டையின் கடைசி வரி வரை படித்துவிடவும் முடியும்.

லாயிட் ஐயல்லோவும் அவருடைய சகாக்களும் 1994இல் இந்த விஇஜிஎஃப்பை அளந்தது கண்ணுக்குள் இருந்து எடுத்த திரவத்தில். இன்று கண்ணுக்குள் போடும் ஊசிகள் தடுப்பதும் அந்த இடத்து விஇஜிஎஃப்பைத்தான். கையில் ரத்தம் எடுத்து அதே புரதத்தை அளந்தால் அந்தத் தெளிவு கிடைப்பதில்லை, ஆய்வுக்கு ஆய்வு விடை மாறுகிறது. உடம்பெங்கும் ஓடும் ரத்தத்தில், சில கிராம் எடையே உள்ள ஒரு கண்ணின் சேதி கரைந்துபோகிறது.

நரம்பின் கதை வேறு. முதுகெலும்பின் அடிப்பகுதியை ஒட்டியிருக்கும் ஒரு நரம்பு செல், கால் கட்டைவிரல் நுனிவரை தன் இழையை நீட்டியிருக்கிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர். அந்த இழைக்கு வேண்டிய புரதமெல்லாம் முதுகருகே தயாராகி அவ்வளவு தூரம் பயணம் செய்ய வேண்டும். சர்க்கரையும் கொழுப்பும் அந்தப் போக்குவரத்தையும் நரம்புக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது, மிக நீண்ட இழைகளே முதலில் விழுகின்றன. அதனால்தான் மதமதப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட இடம்போல மேலேறுகிறது. உயரமானவர்களுக்கு இந்தப் பாதிப்பு கூடுதல் என்று பல ஆய்வுகள் கண்டதற்கும் இந்த நீளமே காரணம்.

மெல்லிய இழைகள் கெடும்போது எரிச்சல், ராத்திரி படுத்தால் இரு மடங்கு. தடித்த இழைகள் கெடும்போது பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, அதிர்வு தெரியாமை. பிறகு எதுவுமே தெரியாமை. செருப்பு நடுவழியில் கழன்று விழுந்ததை, பின்னால் வருகிறவர் கூப்பிட்டுச் சொன்ன பிறகு அறிந்தவர்கள் தமிழ்நாட்டின் எந்த நீரிழிவு மருத்துவமனையிலும் இருப்பார்கள். எரிச்சல் நின்றுவிட்டது என்று மகிழ்கிறவர்களில் சிலருக்கு, எரிவதற்கே நரம்பு மிச்சமில்லாமல் போயிருக்கும். நரம்புப் பாதிப்பு உள்ளவர்களில் பாதிப் பேருக்கு வரை எந்தத் தொந்தரவும் தெரியாமல் இருக்கலாம் என்று வழிகாட்டு நெறிகளே எச்சரிக்கின்றன.

இங்கே எச்பிஏ1சி இன்னும் தளர்கிறது. 2012இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. முதல் வகையில் சர்க்கரைக் கட்டுப்பாடு நரம்புப் பாதிப்பைத் தெளிவாகத் தடுக்கிறது. இரண்டாம் வகையில் பலன் சிறிது, புள்ளியியல் கணக்கில் அது உறுதியாகவும் இல்லை. டிரைகிளிசரைடு, உடல் பருமன், புகைபிடித்தல் எல்லாம் இதில் கைகோத்திருக்கின்றன. ஆகவே ஏழுக்குள் எண்ணைக் கொண்டுவந்த ஒருவரின் கால் மரத்துக்கொண்டே போனால், அவர் பத்தியம் மீறினார் என்று வீட்டில் திட்டுவது நியாயமில்லை.

நரம்பு விஷயத்தில் கட்டாயம் பார்க்க வேண்டிய ரத்த அளவு ஒன்று உண்டு. வைட்டமின் பி12. இரண்டாம் வகை நீரிழிவில் பெரும்பாலானோர் ஆண்டுக்கணக்கில் விழுங்கும் மெட்ஃபார்மின், குடலில் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மருந்து எத்தனை ஆண்டு ஓடியதோ அதற்கேற்ப குறைபாடு கூடுகிறது என்பதை அமெரிக்க நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் தொடர் ஆய்வு 2016இல் காட்டியது. பி12 இயற்கையாகக் கிடைப்பது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில். சைவ உணவுக்காரர், அதோடு பத்து ஆண்டு மெட்ஃபார்மின் என்றால் கையிருப்பு எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம். பி12 குறைந்தாலும் காலில் அதே மதமதப்பு, அதே எரிச்சல். 'சுகரால் வந்தது' என்று முத்திரை குத்திவிட்டால், சரிசெய்யக்கூடிய ஒன்று சரிசெய்யப்படாமலே போய்விடும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்று குறுக்கே வருகிறது. கால் எரிகிறது என்றதும் 'நரம்பு ஊசி' போட்டுவிடுவது. அந்த ஊசியில் இருப்பது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின், அதாவது பி12தான். குறைபாடு உள்ளவருக்கு அது நல்ல மருந்து. ஆனால் அளக்காமல் போட்டுவிட்டால், பிறகு எடுக்கும் டெஸ்டில் அளவு கொட்டிக் கிடப்பதாகத் தெரியும், உண்மையில் குறைபாடு இருந்ததா என்பது கடைசிவரை தெரியாது. முதலில் ரத்தம் எடுக்க வேண்டும், பிறகு ஊசி. இந்த வரிசையைக் கேட்டு வாங்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

எச்பிஏ1சியே பொய் சொல்லும் சந்தர்ப்பங்களும் நம் மாநிலத்தில் அரிதல்ல. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்தப் பெண்களில் ஒருவர் இரும்பு மாத்திரை சாப்பிட்டு, சர்க்கரை மாறாமலே எச்பிஏ1சி குறையக் காணலாம். ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றிக்கொண்டது, சிவப்பணு சீக்கிரம் அழியும் நோய்கள், டயாலிசிஸில் போடும் எரித்ரோபோயிட்டின் ஊசி ஆகியவை எண்ணை எதிர்த்திசையில் இழுத்து நல்ல பெயர் வாங்கித் தரும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் எச்பிஏ1சியை மட்டும் படிப்பது அரைகுறைப் படிப்பு. சந்தேகம் வந்தால் இரண்டு மூன்று வார நிலவரம் சொல்லும் ஃப்ரக்டோசமைன் டெஸ்ட் இருக்கிறது, வீட்டு குளுக்கோமீட்டர் குறிப்பேடும் இருக்கிறது.

புதிய ரத்தக் குறியீடுகள் பற்றியும் நிறைய கேள்விப்படுகிறோம். நரம்பு இழையின் எலும்புக்கூடாக இருக்கும் நியூரோஃபிலமெண்ட் என்ற புரதத்தின் லேசான துண்டு, இழை உடையும்போது ரத்தத்தில் கசிகிறது. மிக நுட்பமான கருவிகளால் அதை இப்போது அளக்க முடிகிறது. நீரிழிவு நரம்புப் பாதிப்பில் அது கூடுவதை ஆய்வுகள் காண்கின்றன. ஆனால் வயதானாலும் கூடும், சிறுநீரகம் தளர்ந்தாலும் கூடும், மூளை நோய்களிலும் கூடும். சாதாரண ரத்த எண்ணிக்கையிலிருந்தே கிடைக்கும் நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதம், கண் பாதிப்பும் நரம்புப் பாதிப்பும் உள்ள குழுக்களில் சராசரியாகக் கூடுதலாக இருப்பதையும் பல கட்டுரைகள் சொல்கின்றன. காய்ச்சல் வந்தாலும் அந்த விகிதம் ஏறிவிடும். குழுவின் சராசரி கூடுதல் என்பதால் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவருக்குப் பாதிப்பு இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. பாதிப்பு வந்த பிறகு எண் ஏறியதா, எண் ஏறியதால் பாதிப்பு வந்ததா என்பதும் ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்த ஆய்வில் தெரியாது. ஆராய்ச்சி நடக்கட்டும், நடக்கத்தான் வேண்டும். ஆனால் 'நீரிழிவுச் சிறப்புப் பேக்கேஜ்' என்று முப்பது நாற்பது ரத்த டெஸ்டுகளுக்குப் பணம் கட்டியவர், கண்ணைக் காட்டாமல் வீடு திரும்புவதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

எண் வேகமாகக் குறைவதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பல ஆண்டு உயரத்தில் இருந்த சர்க்கரையைச் சில மாதங்களில் தடாலென்று இறக்கினால், ஏற்கெனவே பாதிப்புள்ள விழித்திரை கொஞ்ச காலம் மோசமாகலாம். செமாக்ளுடைட் மருந்தைச் சோதித்து 2016இல் வெளியான சஸ்டெயின்-6 ஆய்வில், விழித்திரைச் சிக்கல்கள் மருந்துக் குழுவில் 3.0 சதவீதம், மற்றக் குழுவில் 1.8 சதவீதம். நரம்புக்கும் இது உண்டு. இன்சுலின் தொடங்கியபின் வரும் கடும் கால்வலி 1933இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. இதற்காக மருந்தை மறுக்கத் தேவையில்லை. தொடங்கும் முன் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

காலைப் பார்ப்பது என்றால் என்ன? பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை, மோனோஃபிலமெண்ட். நோயாளி செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிப் படுக்கிறார். செவிலியர் கட்டைவிரல் அடியிலும் விரல்களின் வேர்ப்பகுதியிலும், காய்ப்பு உள்ள இடத்தை விட்டுவிட்டு, இழையைச் செங்குத்தாக வைத்து அது வில்லாக வளையும்வரை ஒரு நொடி அழுத்துகிறார். "தெரியும்போது சொல்லுங்க." தெரியாத இடம் வந்தால் அங்கே அமைதி. அந்த இடத்தில் முள் குத்தினாலும் சூடு பட்டாலும் அவருக்குத் தெரியப்போவதில்லை. 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்பதும், விரல் இடுக்கில் புண் இருக்கிறதா என்பதும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசேர்க்கிறது. அந்தப் பையில் ஒரு நைலான் இழைக்கு இடமுண்டு.

கண்ணுக்கு, பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து. சில மணி நேரம் பார்வை மங்கும், வெயில் கூசும். வண்டி ஓட்டக் கூடாது, துணைக்கு ஆள் வேண்டும், அரை நாள் கூலி போகும். மக்கள் இதைத் தள்ளிப்போடுவதற்கான உண்மைக் காரணங்கள் இவை, அலட்சியம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமராக்கள் அதனால்தான் முக்கியம். படத்தைப் படிக்கும் கணினி நிரலை கூகுள் 2016இல் வெளியிட்டபோது, அதைப் பழக்கியதில் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்களும் இருந்தன. தேவையும் சிறியதல்ல. 2005இல் வெளியான சென்னை கியூர்ஸ் கண் ஆய்வில் நகரத்து நீரிழிவு நோயாளிகளில் 17.6 சதவீதம் பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வின் 2023 கணக்குப்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு.

படமெடுப்பதால் என்ன ஆகிவிடும் என்பதற்கு இங்கிலாந்து சாட்சி. அங்கே 2003இல் நாடு தழுவிய கண் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. வீட்டுக்குக் கடிதம் வரும், போய்ப் படமெடுத்துக்கொண்டு வர வேண்டும். 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் என்ற இடத்தை, குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் முதன்முறையாக, நீரிழிவு விழித்திரை நோய் இழந்துவிட்டதைக் காட்டியது. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் அதில் சேரும்தான். ஆனால் லேசர் சிகிச்சை தேவைப்பட்ட கண்ணைக் காலத்தில் கண்டுபிடித்தது கேமரா.

ஸ்காட்லாந்தில் அப்படி முறையாக எடுத்து வைத்திருந்த படங்களின் மேல்தான் லென்ஸ் என்ற ஆய்வும் நடந்தது. தொடக்கநிலைப் பாதிப்புள்ள 1,151 பேரில் பாதிப் பேருக்கு, டிரைகிளிசரைடைக் குறைக்கப் பல ஆண்டாகக் கொடுக்கப்படும் பழைய மாத்திரையான ஃபெனோஃபைப்ரேட், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. 2024இல் முடிவு வந்தது. பாதிப்பு முற்றியது அல்லது சிகிச்சை தேவைப்பட்டது போலிக் குழுவில் 29.2 சதவீதம், மருந்துக் குழுவில் 22.7. சர்க்கரையைக் குறைக்கும் மருந்தல்ல இது. பலன் தெரிந்த இடம் விழித்திரைப் படம். ஆஸ்திரேலியா 2013இலேயே இதைக் கண்ணுக்காக அனுமதித்துவிட்டது. நம் மருந்துக் கடைகளிலும் கிடைக்கிற மாத்திரைதான். சிறுநீரகத்தின் கிரியாட்டினின் அளவை அது ஏற்றும் என்பதால் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் விஷயமல்ல. கண் படத்தையும் கிரியாட்டினின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நீரிழிவு மருத்துவரும் கண் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டியது.